யாரு உள்ள இருக்கிறது?

கட்டுக்கதைன்னு நெனைக்கிறவங்க இங்கயே நிறுத்திக்கலாம். நெய்வேலியில, 2013 சித்திரை வெயில்ல, பட்டப்பகல்ல நடந்தது இது. கலைச்செல்வன் இன்னிக்கும் அந்த ஆபீஸ் பக்கம் வண்டியைத் திருப்ப மாட்டான்.

சுரங்கத்துக்கு ஆள் அனுப்புற ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸ் அது. வேலையாளுங்க பேரெல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு ஆக்சஸ் ஃபைலுக்குள்ள, பதிவேடு மாதிரி. ஆபீஸ்ல இருக்கிற எல்லா கம்ப்யூட்டரும் அதைத்தான் தொறக்கும். அதுல கை வைக்கணும்னா மத்தவங்க மூடிட்டு வெளிய வரணும். அதனால கம்ப்யூட்டர் பாத்துக்கிற கலைச்செல்வன் நின்ன எடத்துலருந்தே கத்துவான்: "யாரு உள்ள இருக்கிறது?"

மூலையிலருந்து ருக்குமணியக்கா கொரல் வரும். "இருங்க தம்பி... ஒரே ஒரு பேரு!" தெனமும் இதே பதில்தான். எல்லாரும் சிரிப்பாங்க.

வருசக்கணக்கா பேரு அடிச்ச கை. இனிமே ஆளுங்க வெப்சைட்லயே பதிஞ்சிக்கட்டும்னு முதலாளி வைத்திலிங்கம் முடிவு பண்ணினதும் அந்தக் கைக்கு வேலை இல்லாமப் போச்சு. "என் பொண்ணு செவ்வந்தி பேரையாவது ஃபைல்ல ஏத்திக்கோங்க"ன்னு அந்தம்மா கெஞ்சினாங்க.

"ஃபைலை மூடியாச்சு, போம்மா"ன்னாரு முதலாளி. கலைச்செல்வனும் கூடச் சேந்து சிரிச்சான். பாவிப்பய! வெப்சைட்டை ஃபைலோட இணைச்சிட்டா அவனுக்கு வேலை நிரந்தரம். இல்லன்னா அவனுக்கும் அதே வாசல்தான்.

அந்த ஞாயித்துக்கெழமை ஆபீஸ்ல அவன் மட்டும். மத்தியான ஷிப்ட் சங்கு ஊதி முடிஞ்சுது. இணைப்பைப் போட்டான்.

எர்ரர். ஃபைலை வேற ஒருத்தர் தொறந்து வச்சிருக்காங்களாம். கம்ப்யூட்டர் பேரு... ருக்குமணி.

மூலையைத் திரும்பிப் பாத்தான். அந்தக் கம்ப்யூட்டர் ஒயர் புடுங்கிக் கெடந்துச்சு.

பழக்கதோசம்... கத்திட்டான். "யாரு உள்ள இருக்கிறது?"

டக்... டக்... டக்...

மூலையிலருந்துதான். நாற்காலியில ஆள் இல்ல.

அவன் ஸ்கிரீன்ல, கடைசிப் பேருக்குக் கீழ புதுசா ஒரு எழுத்து. "செ"...

"செவ்"...

"செவ்வ"...

யாரு பேருன்னு அவனுக்குப் புரிஞ்சிடுச்சு. ஆனா வேலை? ஃபைல் இருக்கிற சர்வர்ல ஒரு வழி இருக்கு. உள்ள இருக்கிறவங்களைக் கேக்காமலே வெளிய தள்ளலாம்.

தள்ளிட்டான்.

சத்தம் நின்னுச்சு.

பாதிப் பேரை அழிச்சான். இணைப்பு கெடைச்சிடுச்சு.

மறுநாள் செவ்வந்தி வந்தா. டிராயர்ல கெடந்த அம்மாவோட மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கினு போக.

"அம்மா நேத்து போயிட்டாங்கண்ணே. வேலை போன அன்னிக்கே விழுந்தவங்க. ஆஸ்பத்திரியில நெனப்பே இல்ல. வெரலு மட்டும் பெட்ஷீட்ல அடிச்சிக்கினே இருந்துச்சு. மத்தியான சங்கு ஊதினதுக்கு அப்புறம்... யாரோ புடிச்சுத் தள்ளுன மாதிரி ஒடம்பு ஒரு தடவ தூக்கிப் போட்டுச்சு. அவ்ளோதான்."

அவன் டிராயரை மூடினான்.

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, நெனப்பில்லாமலே கடைசியா ஒண்ணு சொன்னாங்கண்ணே. 'இருங்க தம்பி... ஒரே ஒரு பேரு'ன்னு." கண்ணாடியைத் தொடச்சிக்கினே கேட்டா. "அது யாரு பேருண்ணே?"