பசுமை ஒருங்கிணைப்பாளரும் ஒரு புங்கமரமும்

கட்டடக் கலைக் கல்லூரியில் ஆசிரியர் வேலை என்றால் வரைபடம் சொல்லிக்கொடுப்பது என்றுதான் நானும் நம்பிச் சேர்ந்தேன். மீட்டிங்குக்கு வராதவர் தலையில் பொறுப்பைக் கட்டுவதுதான் அதன் முக்கியத் தொழில் என்பது பிறகுதான் தெரிந்தது. எதற்காவது ஒருங்கிணைப்பாளராக இருந்து தொலைத்த சக ஜீவன்களே, இது உங்களுக்காக.

முடிசூட்டு விழா

ஒரே ஒரு நாள் காய்ச்சலில் படுத்தேன். மறுநாள் தண்டலம் பக்கத்திலிருக்கும் எங்கள் கல்லூரிக்குப் போனால், நான் 'பசுமைத் தெரு' திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர். ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கும் ஒரு தெருவை, எங்கள் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரே செமஸ்டரில் பச்சைப் பசேலென்று ஆக்கிக் காட்ட வேண்டுமாம். அந்தத் தெருவில் வீட்டை ஒட்டி வீடு. மிச்சமிருக்கிற இடத்தில் பைக். செடி வைப்பதென்றால் என் தலையில்தான் வைக்க வேண்டும்.

ஏன் சார் நான் என்று துறைத் தலைவரிடம் கேட்டேன். மனிதர் முகத்தில் ஒரு பெருமிதம்.

"நீங்க வராத அன்னிக்கு எல்லாருமே உங்க பேரைத்தாம்மா சொன்னாங்க. உங்க மேல அவ்ளோ மரியாதை."

சுவரில் ஒரு தோட்டம்

முதல் குழு, இடமில்லாவிட்டால் என்ன, சுவர் இருக்கிறதே என்றது. வாடகை அறைகள் வரிசையாக இருந்த ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர் முழுக்கத் தொட்டிகளை மாட்டினார்கள். ஜன்னலையும் விடவில்லை. கணினியில் வரைந்த படத்தில் அங்கே ஜன்னல் இல்லாததால், நேரிலும் இருக்காது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

காலை பதினொரு மணிக்குப் பிள்ளைகள் பக்தியோடு தண்ணீர் ஊற்றினார்கள். அந்த நேரத்தில் அந்த அறைகளில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூங்குவார்கள் என்பது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருவர், நனைந்த தலையணையோடு வெளியே வந்தார்.

"ஏ தம்பி, வேலய முடிச்சிட்டு இப்பதாம்ல கண்ண மூடுனேன். செடிக்கு ஊத்துத தண்ணி பூரா எந்தலையில விழுது. நானும் மொளைக்கணும்னு நெனச்சியளோ?"

ஆடு கொடுத்த மதிப்பெண்

இரண்டாவது குழு இன்னும் புத்திசாலி. தண்ணீரே வேண்டாம் என்று தெருமுனையில் பிளாஸ்டிக் புல் விரித்து, நடுவே இரண்டு பிளாஸ்டிக் பூச்செடிகளையும் வைத்தது. படம் எடுத்தால் வெளிநாடு மாதிரி இருந்தது. வெயில் ஏறியதும் அதன் மேல் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. அந்த வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா நின்று பார்த்தார்.

"எங்க ஆடு கூட மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்கினு பூடுச்சி. இதுக்கு இன்னாத்துக்கும்மா காலேஜ் வரிக்கும் போறீங்க?"

நிழல் கேட்டவள்

தமிழரசி என்று ஒரு மாணவி. அதே தெருக்காரி. அவள் அம்மா செல்வி, ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நிற்பவர். செகண்ட் ஷிப்டுக்கான கம்பெனி பஸ், உச்சி வெயிலில் தெருக்கோடியில் ஒரு மின்கம்பத்தின் அருகே வந்து நிற்கும். கம்பத்தின் நிழல் ஒருவர் மூக்குக்குக்கூடப் போதாது. போன கோடையில் அங்கேயே மயங்கி விழுந்த செல்விக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இந்தக் கோடை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

கன்று நட்டால் அது நிழல் தருவதற்குள் அம்மா ரிட்டையர் ஆகிவிடுவாள் என்றாள் தமிழரசி. ஆனால் கம்பத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், மூடிக்கிடக்கும் சைக்கிள் கடை முன்னால் ஒரு கிழப் புங்கமரம் குடை விரித்து நின்றது. அடியில் குப்பை. அவளுடைய திட்டம் இவ்வளவுதான்: குப்பையை அள்ளி, ஒரு பெஞ்சு போட்டு, பக்கத்தில் இரண்டு புங்கங்கன்று நட்டு, பஸ் நிற்கும் இடத்தை மரத்தடிக்கு மாற்றுவது. எனக்கு ஒரே சந்தோஷம். அவள்தான் கவலையோடு கேட்டாள்.

"அம்மாவுக்கு நிழல் வேணும், எனக்கு மார்க் வேணும். ரெண்டும் ஒரே மரத்துல கிடைக்குமா மேடம்?"

கிடைக்காது

மதிப்பீட்டுக்கு வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். பிளாஸ்டிக் புல்லுக்கு முதல் பரிசு. பராமரிப்பே தேவையில்லாத பசுமை என்று உருகினார். தமிழரசிக்குப் பாஸ் மார்க். நான் வாதாடிப் பார்த்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மரம் ஏற்கெனவே அங்கதானே மேடம் இருக்கு? இதுல டிசைன் எங்கே?"

பாயிண்ட்

தமிழரசி அசரவில்லை. தோழிகளோடு போய்க் குப்பையை அள்ளினாள், கன்றுகளை நட்டாள், பழைய பெஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். செல்வியும் மற்ற பெண்களும் மரத்தடியில் போய் நின்றார்கள். முதல் நாள் பஸ் கம்பத்தில் நின்று ஹாரன் அடித்தது. யாரும் நகரவில்லை. டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே மரத்தடிக்கு ஓட்டி வந்தார். மறுநாள் நேராக அங்கேயே வந்தார். பஸ் பாயிண்டான கம்பத்தருகே நிறுத்தாதது ஏன் என்று போனில் சூப்பர்வைசர் கத்தியது, வேடிக்கை பார்க்கப் போய் மரத்தடியில் நின்றிருந்த எனக்கே கேட்டது. டிரைவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"பாயிண்டு கம்பத்துல கீது சார். ஜனம் மரத்தாண்ட கீது. கம்பத்தையா ஏத்திக்கினு வரச் சொல்ற?"

எந்த ஷிப்டில்?

பரிசு பெற்ற பிளாஸ்டிக் புல்லுக்குத் திறப்பு விழா வைத்தார்கள். 'பசுமையைக் காப்போம்' என்று புங்கமரத்தை ஒட்டி ஓர் அலங்கார வளைவு. வளைவில் இருந்த கல்லூரியின் பெயரை மரத்தின் கிளைகள் மறைத்தன. பந்தல்காரர் மரம் அறுக்கும் மெஷினோடு ஆளை அனுப்பிவிட்டார். தமிழரசி போனில் அழுதாள். ஓடிப் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது, யூனிபார்மில் இருந்த பெண்கள் மரத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள். பஸ் வந்ததும் நீங்கள் போய்த்தானே ஆகவேண்டும், அதுவரை காத்திருக்கிறேன் என்று மெஷின்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார், அதுவும் மர நிழலில். செல்வி அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"நாங்க போனா ஃபர்ஸ்ட் ஷிப்ட் வந்து எறங்கும். அது போனா நைட் ஷிப்ட் வந்து நிக்கும். நீ எந்த ஷிப்டுலப்பா வெட்டப் போற?"

நட்ட தேதி

அந்த நேரம் பார்த்து எங்கள் கல்லூரி முதல்வரின் கார் வந்தது. ஒரு பக்கம் போட்டோகிராபர், ஒரு பக்கம் மெஷின், நடுவே பெண்கள், மேலே 'பசுமையைக் காப்போம்'. சூழ்நிலை அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அந்தப் பதவிக்கு அந்த ஒரு திறமை போதும். மெஷின்காரரை அனுப்பிவிட்டு, செல்வியோடு சேர்ந்து மரத்தடியில் படம் எடுத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் செல்வி அந்த வெயிலிலும் நெற்றியில் வியர்வை இல்லாமல் பஸ் ஏறியதைப் பார்த்ததும், எதற்குக் கோபப்பட்டேன் என்பதே மறந்துபோனது. முதல்வர் என்னைத் தனியே அழைத்தார்.

"மரத்துல நம்ம காலேஜ் போர்டை மாட்டிடுங்க மேடம். எப்ப நட்டதுன்னு யாராவது கேட்டா, போன செமஸ்டர்னு சொல்லுங்க."

ஆக, ஒருங்கிணைப்பாளராக நான் நட்டு வளர்த்ததாகப் பதிவாகியிருக்கும் ஒரே பெரிய மரம், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே நிழல் தந்துகொண்டிருக்கிறது.