ஆள் குடியிருந்த ட்ரெய்லர்

மூன்று வருடமாக எங்களுடைய கதவு கீழே விழுந்துதான் திறந்தது. காலையில் நான் இரண்டு சங்கிலிகளையும் கழற்றிப் பலகையை மெல்ல இறக்கினால் அது மண்ணில் சாய்ந்து நிற்கும். குதிரை ஏறுவதற்காகச் செய்த பலகை அது. அதில் இருந்துதான் என் மனைவி மகேஸ்வரி அரிசி புடைப்பாள், மகள் பாடம் எழுதுவாள், பின்னேரத்தில் நான் தேத்தண்ணீர் குடிப்பேன். பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிற பஸ்கள் சென்னீர்குப்பத்தில் வேகத்தைக் குறைக்கும்போது யன்னலோரத்து ஆட்கள் எங்களைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் குதிரையைத் தேடுகிறார்கள் என்று விளங்க எனக்குச் சில நாட்கள் எடுத்தது. பால்காரர் ஏழுமலைக்கு இது தினசரிப் பகிடி. "இன்னா அண்ணாத்தே, குதிரை எழுந்துகிச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாலை ஊற்றுவார். முதல் மாதம் எனக்குச் சுட்டது. பிறகு நானும் சிரிக்கப் பழகிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்களும், அங்கிருந்து கனடா, ஜெர்மனி என்று போய்ச் சேர்ந்தவர்களும் எங்களைப் பற்றி ஒன்று நினைப்பீர்கள். இவர்களுக்கென்ன, தமிழ் பேசுகிற நாட்டில் இருக்கிறார்கள், பனி இல்லை, பாஷை படிக்கத் தேவையில்லை என்று. உண்மைதான். இங்கே என்னை மறுத்தவர்கள் எல்லோரும் தமிழிலேயே மறுத்தார்கள். ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை.

நாங்கள் வந்து சேர்ந்த சில மாதங்களில் இங்கே பெரிய தலைவர் ஒருவரைக் குண்டு வைத்துக் கொன்றார்கள். செய்தது எங்கள் ஆட்கள் என்று தெரிந்த பிறகு, அதுவரை திறந்திருந்த கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கின. மேனாம்பேட்டில் ஒரு வீட்டுக்கார அம்மாவுக்கு மகேஸ்வரியின் பேச்சு மிகவும் பிடித்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் பேசும்மா, தேன் கணக்கா கீது" என்று சொல்லி, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். கேரளாப் பக்கம் என்று நினைத்திருந்தாராம். சிலோன் என்று தெரிந்ததும் சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "ஊடு எங்க அக்கா பொண்ணுக்குச் சொல்லிட்டேம்மா" என்றார். பட்டாபிராமில் ஒரு அறை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். வீட்டுக்காரர் திருநெல்வேலியிலிருந்து வந்து ராணுவத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். "நானும் வெளியூர்க்காரன்தான், உங்க கஷ்டம் தெரியாம இல்ல. ஆனா வேல பாக்கது டிபன்ஸ்ல. தப்பா நெனச்சிராதீங்க" என்றார். அவருடைய கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. கலங்கின கண்ணோடேயே கதவைச் சாத்தினார். அப்போது ஒண்டியிருந்த அம்பத்தூருக்கு ரயிலில் திரும்பினோம். மகள் என் மடியில் நித்திரையாகிவிட்டாள்.

கடைசியில் எங்களை ஏற்றுக்கொண்டவர் கன்னியப்பன். சென்னீர்குப்பத்தில் லாரிகளுக்குப் பாடி கட்டுகிற ஷெட் வைத்திருக்கிறார். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்த என்னைக் கணக்கு எழுத வைத்துக்கொண்டார். இருக்க இடமில்லை என்று சொன்னபோது தலையைச் சொறிந்துகொண்டு ஷெட்டின் பின்பக்கத்துக்குக் கூட்டிப்போனார். நெடுஞ்சாலையைப் பார்த்த வேலியோரம் அந்த ட்ரெய்லர் நின்றது. ரேஸ் குதிரை வைத்திருந்த ஒரு பணக்காரர் ஊட்டிக்கும் பெங்களூருக்கும் குதிரை கொண்டுபோக ஆசையாகச் செய்வித்தது. ஜீப்பில் பூட்டி இழுப்பது. பின்பக்கம் இரண்டு குதிரைகள் நிற்க இடம். முன்பக்கம் குதிரைக்காரன் தங்குவதற்குக் கட்டில், கம்பிவலை போட்ட யன்னல், கை கழுவுகிற தொட்டி, கூரையில் தண்ணீர் டாங்கி எல்லாம் வைத்த ஒரு சின்ன அறை. குதிரைகள் தோற்றன, பணக்காரரும் நொடித்துப்போனார், செய்கூலிக்குப் பதிலாக வண்டி கன்னியப்பனிடமே தங்கிவிட்டது. "வாடகை ஒண்ணும் வாணாம். ராத்திரில ஷெட்டப் பாத்துக்கினு இரு, போதும்" என்றார். அவருடைய அப்பா இதே நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவராம். அதை அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கமாகவும் சொல்லவில்லை.

குதிரை நாற்றம் போக ஒரு மாதம் கழுவினோம். பலகை இடுக்குகளுக்குத் தார் பூசினேன், உள்ளே சுண்ணாம்பு அடித்தேன், சட்டி பானை வைக்கத் தட்டு அடித்தேன், சாமிப்படத்துக்கு ஒரு மூலை ஒதுக்கினேன். தாயும் மகளும் குதிரைக்காரனின் அறையில் படுத்தார்கள், நான் குதிரையின் இடத்தில் படுத்தேன். சமைக்கிற குசினியும் அங்கேதான். வண்டியின் இரண்டு பக்கமும் நீளத்துக்கு மகேஸ்வரி மிளகாய்க் கன்று நட்டாள். ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் அதை ஒருநாளும் வீடு என்று சொன்னதில்லை. "வண்டிக்குள்ளை வையுங்கோ", "வண்டியைக் கூட்டவேணும்" என்றுதான் கதைப்போம். வீடு என்றால் அது வேறு. அதில் இப்போது வலிகாமத்திலிருந்து ஓடிவந்த ஒரு குடும்பம் இருப்பதாகத் தம்பி எழுதியிருந்தான்.

போன தையில் கன்னியப்பன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்தார். வண்டியை விற்கப்போவதாக என்னிடம் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நியாயமான மனிதர்மேல் கோபப்படுவதைப்போல் அவதி வேறில்லை. நான் கணக்குப் புத்தகத்தை வெறுமனே புரட்டிக்கொண்டிருந்தேன். "இதுக்கு இன்னா வெலை சொல்றதுன்னே தெர்ல அண்ணாத்தே" என்றார். லாரி என்றால் சந்தை விலை உண்டு. இதைப்போல் ஒன்றை எவரும் விற்று எவரும் வாங்கி அவர் பார்த்ததில்லை. இரும்பை எடைக்குப் போட்டுப் பார்த்தார், அச்சுக்கும் டயருக்கும் தனியாகப் போட்டார், முப்பதாயிரத்தில் வந்து நின்றார். "அந்த ரூமுக்கு இன்னா போடறது? நீ குடியிருக்கிற, நீ சொல்லு."

எனக்கு உடனே ஒரு யோசனை ஓடியது. ஒருவரும் கிட்ட வராத விலையாகச் சொல்லிவிட்டால் வண்டி நிற்கும், நாங்களும் இருப்போம். அறைக்கு மட்டும் இன்னொரு இருபத்தையாயிரம் போடலாம் என்றேன். கன்னியப்பன் விசில் அடித்தார். ஆனால் என் சொல்லை மீறவில்லை.

இரண்டு மாதம் யோசனை பலித்தது. இட்லிக் கடை போட நினைத்து வந்த ஒருவர் விலையைக் கேட்டுவிட்டு, "இந்தத் துட்டுக்கு ஓட்டலே கட்டலாமே" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மகேஸ்வரி மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவில் கீரையும் போட்டாள்.

பிறகு அந்தப் பெங்களூர்க்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. கூடவே பாஷா என்று ஒரு குதிரைக்காரர். விலையைக் கேட்டுப் பெங்களூர்க்காரர் முகம் சுளிக்கவில்லை. பலகையில் ஏறி உள்ளே போய் மூக்கை இழுத்தார். சுவரில் எண்ணெய்ப் புகை, தொட்டியில் மஞ்சள் கறை, நான் அடித்த ஆணிகள் என்று எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதுல யாராவது ஸ்டே பண்ணாங்களா?"

"நாங்கள்தான் இருக்கிறம். மூண்டு வருசமாய்" என்றேன். நல்ல ஆட்கள் வைத்திருந்த வண்டி என்று சொல்லுகிற எண்ணத்தில்தான் சொன்னேன். கன்னியப்பன் அவருக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டியது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"அதான் பார்த்தேன். குதிரைக்கு மூக்குதாங்க எல்லாம். மனுஷ வாடை, மீன் வாடை இருந்தா ஏறாது. பூராவும் பேத்து எடுத்து, மருந்து அடிக்கணும். இருபத்தெட்டுக்கு மேல போகாது."

கன்னியப்பன் என் காதுக்குள், "கம்முனு இருந்திருக்கலாம் இல்ல?" என்றார். இரும்பு விலையிலும் குறைவு. குதிரை நின்றது வண்டிக்குக் குறையில்லை, நாங்கள் இருந்தது குறை. நான் சும்மா இருந்திருக்க வேண்டும். அந்த விலைக்குக் கன்னியப்பன் ஒருநாளும் கொடுத்திருக்க மாட்டார், அந்த மனிதரும் போயிருப்பார். ஆனால் மேனாம்பேட்டுச் சொம்பு, பட்டாபிராம் கதவு எல்லாம் சேர்ந்து கோபமாக ஏறியது.

"ஐயா, குதிரை இருந்த ஊத்தையைக் கழுவத்தான் எங்களுக்கு ஒரு மாசம் பிடிச்சது" என்றேன். ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து தரையில் ஊற்றினேன். கீழே குனிந்து பார்க்கச் சொன்னேன், ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பலகைகளை ஒவ்வொன்றாகக் காலால் உதைத்துக் காட்டினேன். கிரீஸ் போட்ட அச்சைக் காட்டினேன், துரு இல்லாத கூரையைக் காட்டினேன். "சும்மா விட்டிருந்தால் இது எப்பவோ உக்கியிருக்கும். ஆக்கள் இருந்தபடியால்தான் இண்டைக்கு இது வண்டி. உங்கடை குதிரையைக் கொண்டந்து ஏத்திப் பாருங்கோ." பாஷாவும் கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாதான் கீது சார்" என்றார். அவர் படுக்கப்போகிற கட்டில் அல்லவா.

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். விலை முப்பத்தைந்தானது, நாற்பதானது. நான் விடவில்லை. ஐம்பதில் கை கொடுத்தார். "நல்லா பேசறீங்க. உங்க தமிழே தனி அழகு" என்றார். கன்னியப்பனுக்கு வாயெல்லாம் பல்.

அப்போதுதான் மகேஸ்வரியைப் பார்த்தேன். சுளகைக் கையில் வைத்துக்கொண்டு அறைப் படியில் நின்றிருந்தாள். ஊரைவிட்டு வெளிக்கிட முன்னம் அவளுடைய தையல் மெசினை விற்றோம். சீதனமாக வந்தது. பக்கத்து வளவுக்காரர், போகிற ஆட்கள் எந்த விலைக்கும் கொடுப்பார்கள் என்று தெரிந்துகொண்டு, வாய் கூசாமல் ஒரு விலை சொன்னார். நான் தலையை ஆட்டினேன், அவர் தூக்கிக்கொண்டு போனார். அதைப்பற்றி இத்தனை வருடத்தில் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்டாள்.

"நல்லாத்தான் விக்கிறியள். அங்கை என்ரை மெசினை விக்கேக்கை இந்த வாய் எங்கை போனது?"

நான் காலி வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். 

அடுத்த கிழமை வண்டியை எடுக்க வந்தார்கள். பாஷா தட்டுகளைப் பிடுங்கிக் கீழே வைத்தார், தரையெல்லாம் பினாயில் ஊற்றித் தேய்த்தார், வேப்பிலைப் புகை போட்டார். எங்கள் சாமான்களை ஷெட்டில் பெயின்ட் டின்கள் வைக்கிற மூலைக்கு மாற்றியிருந்தோம். வேறு இடம் கிடைக்கும்வரை தார்ப்பாய் கட்டி அங்கே இருக்கச் சொல்லியிருந்தார் கன்னியப்பன். வேறு இடம் எப்படிக் கிடைக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செம்பட்டை நிறக் குதிரை ஒன்று பலகையின் முன்னால் நின்று மோந்து பார்த்தது. ஏறாது, இப்போது திரும்பிவிடும் என்று ஒரு நிமிடம் வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன். அது தலையை ஆட்டிவிட்டு, நான் படுக்கிற இடத்தில் போய் ஆறுதலாக நின்றுகொண்டது. சங்கிலியைப் பூட்டினார்கள். ஜீப் இழுக்க, வண்டி சாலையில் ஏறிப் போய்விட்டது. அகதியாகப் பதிந்திருக்கிற நான் ஆவடியைத் தாண்டுவதென்றாலும் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த வண்டியை இனி எவரும் எங்கும் நிறுத்திக் கேட்கப்போவதில்லை.

வண்டி நின்ற இடத்தில் வெளிறின மண் நீள்சதுரமாகக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் மிளகாய்க் கன்றுகள் அப்படியே காய்த்து நிற்கின்றன. குழாயடிக்குப் போவதற்கு அதன் நடுவால் நடந்தால் கிட்ட. மகேஸ்வரி நடுவால் போவதில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, இல்லாத சுவரைச் சுற்றிப் போகிறாள்.

வண்டி போன மறுநாள் காலை ஏழுமலை பழக்கதோஷத்தில் வேலிக்கு வெளியே நின்றே குரல் கொடுத்தார். "இன்னா அண்ணாத்தே, குதிரை எழுந்துகிச்சா?" உள்ளே வந்து வெற்றிடத்தைக் கண்டதும் அவருடைய முகம் செத்துப்போயிற்று. நான் வாய் திறப்பதற்குள் தார்ப்பாய்க்குள் இருந்து மகள் தலையை நீட்டினாள்.

"குதிரை எங்க ஊட்ல கீது. நாங்கதான் வெளில கீறோம்."

இந்தப் பேச்சு வாயில் வரக்கூடாது, வீடு என்று சொல், இருக்குது என்று சொல் என்று மூன்று வருடம் அவளைத் திருத்திக்கொண்டே இருந்தவன் நான். அன்று திருத்தவில்லை. பாலை வாங்கிக்கொண்டு, மிளகாய்க் கன்றுகளைச் சுற்றி நடந்து, ஷெட்டுக்குள் போனேன்.