நான் கழற்றிய மஞ்சள் விளக்கு

எங்கள் முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த அன்றே இறந்துபோனார்கள். மூன்றாவது முறை என் மனைவி மேரி நிறைமாதமாக இருந்தபோது, வலி எடுத்த உடனே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும், லயத்து வீட்டில் வைத்துப் பிரசவம் பார்க்கவே கூடாது என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அது எண்பதுகளின் கடைசி. இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் லொறி, ட்ரக்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவசரத்துக்கு அங்கே இருந்தது தோட்டத்து டொக்டர் ஐயாவின் கார் ஒன்றுதான். ஜப்பானிலிருந்து வந்த புதுமாதிரி. கார்புரேட்டர் கிடையாது. எவ்வளவு பெற்றோல் போக வேண்டும் என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி பார்த்துக்கொள்ளும். ஒருநாள் அதில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. ஐயா என்னிடம் கொண்டுவந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதைச் சொல்ல வெட்கம். விளக்கு சும்மா எரிகிறது என்று சொல்லி, பல்பைக் கழற்றிவிட்டேன். இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் இது சாட்சி ஆகாது.

இரண்டு வாரம் கழித்து, மழைநாள் காலையில் மேரிக்கு வலி வந்தது. பஸ் வரவில்லை. அவளைக் காரின் பின்சீற்றில் படுக்க வைத்தோம். சாவியைத் திருப்பினால் என்ஜின் பிடிக்கும், சாவியை விட்டால் அணையும். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். பேட்டரியைப் பார்த்தேன். அரைமணி நேரம் போனது. மேரி உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

நான் கிறிஸ்மஸுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிறவன். ஜெபிக்கத் தெரியாது. பொனட்டைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியல. அவங்க ரெண்டு பேரையும் காப்பாத்துங்க" என்றேன். அவ்வளவுதான். தெரியவில்லை என்று அவரிடம் சொன்ன பிறகு, ஐயாவிடம் சொல்ல எனக்குத் துணிவு வந்தது.

"ஐயா, அந்த லைட் எதுக்கு எரிஞ்சிச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. பல்ப நான்தான் கழட்டிட்டேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "காரைக் கழுவினவங்க ஏர் கிளீனருக்கு எண்ணெய் பூசிக் குடுத்தாங்க. அதுக்கு மறுநாள்தான் லைட் எரிஞ்சிச்சு. நீங்க ஒண்ணுமே கேக்கலையே" என்றார்.

ஏர் கிளீனரைத் திறந்தேன். அதைத் தாண்டி ஒரு பெட்டி, உள்ளே கதவு போல ஒரு தகடு. உள்ளே போகும் காற்றை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். எண்ணெயும் தூசியும் சேர்ந்து அது ஒட்டிப்போயிருந்தது. ஐயாவைச் சாவியைப் போடச் சொல்லி, தகட்டை விரலால் தள்ளினேன். பின்னால் டாங்கிப் பக்கம் பெற்றோல் பம்ப் இரைந்தது. மூடினேன், நின்றுவிட்டது. தகடு திறந்தால்தான் பெற்றோல் வரும் என்று அப்போது விளங்கியது. துணியில் பெற்றோல் நனைத்து, அது தடையில்லாமல் ஆடும்வரை துடைத்தேன். கார் ஸ்டார்ட் ஆனது. சாவியை விட்டும் அணையவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் மகள் பிறந்தாள். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் பிரசவ டொக்டர் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தாள் என்றார்கள். நான் வராந்தாவிலேயே முழங்காலில் நின்றேன்.

அன்று முதல் ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. தெரியாத வேலையைத் தெரிந்ததாகச் சொன்னதும் இல்லை. யார் வண்டி கொண்டுவந்தாலும் முதலில் கேட்கிறேன், பிறகுதான் ஸ்பானரை எடுக்கிறேன். இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, அழகாக ஜெபிக்கத் தெரியவில்லை என்று தயங்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். எனக்கு அவர் உதவத் தொடங்கியது அந்த இடத்திலிருந்துதான்.