எத்தல் அன்ரி ஏசிய முப்பத்தைந்து நிமிடம்

எத்தல் அன்ரி வீட்டில் பேசும் மொழி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது? நாவற்குடாச் சந்தியில் வழி கேட்ட தனுஷியா இதையும் சேர்த்துக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் பத்தொன்பது வருடம் வளர்ந்தும் அந்த மொழியில் ஒரு முழு வசனம் என் காதில் விழுந்ததில்லை.

எத்தல் கலியாண உடுப்புத் தைப்பவர். கணவர் ஆர்னோல்ட் தோணி இயந்திரம் திருத்துபவர். போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர்; தங்களுக்குள் போர்த்துக்கீசம் பேசுவார்கள். ஆனால் வெளியாள் படியேறினால் உடனே தமிழ்தான். வந்தவர் தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாதாம். ஆர்னோல்ட் தகப்பனிடம் பழகிய மரியாதை அது. அந்த மரியாதையைக் கண்டாலே எத்தலுக்கு இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

தனுஷியா மொழி வரைபடம் தயாரிக்கும் குழுவில் வேலை செய்பவள். அதில் ஒவ்வொரு மொழிக் குடும்பத்துக்கும் ஒரு நிறம். பேசப்படும் மொழிக்கு நிறைந்த புள்ளி. பேச்சு நின்றுபோன மொழிக்கு வெறும் வட்டம். புள்ளி வேண்டுமென்றால் அரைமணி நேரச் சாதாரணப் பேச்சு பதிவாக வேண்டும்.

முதல் தடவை வந்தபோது எல்லாரும் தமிழில் உபசரித்தார்கள். இரண்டாம் தடவை ஆர்னோல்டின் தம்பி க்ளைவ் வயலினைத் தூக்கிக்கொண்டு வந்து பாடினார்.

“பாட்டு இருக்கு அங்கிள். கதைதான் வேணும்.”

“கதைக்கிறம்தானே, மகள்.”

“தமிழில கதைக்கிறியள்.”

மூன்றாம் தடவை அவள் வந்தது கடைசி நாள். மறுநாள் வரைபடம் அச்சுக்குப் போகிறது.

“எங்கட பாஷையை எந்த நிறத்தில போடுவீங்க?” என்று எத்தல் கேட்டார்.

“சொல்லெல்லாம் ஐரோப்பாக் குடும்பம், அன்ரி. அதை அடுக்கிற விதம் இந்த ஊர். நிறத்தைப் பிறகு பாப்பம். இண்டைக்கும் கதைக்காட்டி வெறும் வட்டம்தான்.”

உயிரோடு இருக்கிற தனக்கு எப்படி வெறும் வட்டம் போடலாம்? எத்தல் அவளுடைய தொலைபேசியைப் பதிவில் வைத்துத் தையல் மேசையில் நிறுத்தினார். அவளைக் கொய்யா மரத்தடிக்கு அனுப்பினார்.

ஆர்னோல்டும் க்ளைவும் தொலைபேசியை விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஆர்னோல்ட் குனிந்து, “பிள்ளை, கேக்குதா?” என்றார். தமிழில்.

எத்தல் தலையில் கை வைத்தார். அவமானத்தில் ஆர்னோல்ட் கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துடைக்கத் துணி தேடினார். மேசையில் கிடந்ததை எடுத்துத் துடைத்தார். அது வெள்ளைச் சாட்டின். சனிக்கிழமை தன்னாமுனைக் கலியாணத்துக்குப் போகவேண்டிய மணப்பெண் சட்டையின் பின்பக்கம்.

எத்தலுக்கு எந்த மொழி என்று யோசிக்க நேரமில்லை. வாயில் வந்தது வீட்டு மொழி. ஆர்னோல்ட் அதே மொழியில் திருப்பிக் கொடுத்தார். நியாயம் சொல்லப் புகுந்த க்ளைவுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஏச்சு விழுந்தது. எத்தல் பிறகு சொன்னபடி, சட்டையில் தொடங்கிய ஏச்சு, தோணி இயந்திரத்தைக் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் கழற்றிய நாள்வரை போனது.

முப்பத்தைந்து நிமிடம் கழித்துத் தனுஷியா பயந்து பயந்து எட்டிப் பார்த்தாள்.

“வாங்க மகள், தேத்தண்ணி குடிப்பம்” என்றார் ஆர்னோல்ட், உடனே தமிழுக்கு மாறி.

பதிவைக் கேட்ட எத்தலுக்கு முகம் சிவந்தது. “நான் ஏசினதையா அனுப்பப் போறீங்க?”

“வேற ஒண்டும் இல்லையே, அன்ரி.”

எத்தல் கறைபட்ட துணியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். “அனுப்புங்க. இன்னொரு தரம் ஏச எனக்கு ஏலாது.”

வரைபடத்தில் இப்போது எங்கள் வாவிக்கரையில் நிறைந்த புள்ளி இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அப்படியொரு வீட்டுக்குப் போகிறவர்களிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “எனக்காகத் தமிழுக்கு மாறவேண்டாம்” என்று படியேறும்போதே சொல்லிவிடட்டும்.