மஞ்சள் மட்டும் வரவில்லை

என் அண்ணிக்குப் பேருந்துக்குக் காத்திருக்கத் தெரியாது. நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள், முணுமுணுத்துக்கொண்டே நடக்கத் தொடங்கிவிடுவாள். பாதி வழி போனதும் அந்தப் பேருந்து அவளைத் தாண்டிப் போகும். அப்படிப்பட்டவள், பிரிண்டரின் ஹெட் ஒன்றைத் தட்டில் ஊறப்போட்டுவிட்டால் மட்டும் நாள் முழுக்க அதன் பக்கம் கையைக் கொண்டுபோக மாட்டாள். அந்தப் பொறுமையில் ஒரு துளி தன்மேல் காட்டினால் என்ன என்பது என் அண்ணனின் நீண்டநாள் குறை.

ஹெட் என்பது காகிதத்தில் மையைத் தெளிக்கிற பாகம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அடியில் கண்ணுக்கே தெரியாத துளைகள். பிரிண்டரை ஓட்டாமல் சும்மா வைத்திருந்தால் மை அந்தத் துளைகளில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டுப் பிரிண்டருக்கு அப்படி ஆனபோது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொன்னார் கடைக்காரர். "தூக்கிப் போடறத எப்ப வேணா போடலாம்" என்று அண்ணி அதைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அது பிழைத்துக்கொண்டது. பிறகு பக்கத்து வீட்டுக்காரருடையது வந்தது, அப்புறம் ஜெராக்ஸ் கடைக்காரருடையது. இப்போது கடைத்தெருவில் அவளுக்கு ஊசி டாக்டர் என்றே பெயர். ஊசி போடும் சிரிஞ்சின் முனையில் ரப்பர் குழாயை மாட்டி, அதன் வழியாகத்தான் அவள் ஹெட்டுக்குள், காய்ந்த மையைக் கரைக்கிற மருந்துத் தண்ணீரை விடுவாள். அழுத்த மாட்டாள். அது தானாக இறங்குகிறவரைக்கும் மூச்சைக்கூட அடக்கித்தான் விடுவாள்.

ஊறவைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீர்தான் வேண்டும். துளைகள் இருக்கிற அடிப்பக்கம் மட்டும் நனைய வேண்டும். மேலே பளபளவென்று இருக்கும் செம்புப் புள்ளிகளில் ஈரமே படக்கூடாது, ஏனென்றால் மின்சாரம் போகிற வழி அது. ஈரத்தோடு மாட்டி சுவிட்சைப் போட்டால் ஹெட் எரிந்துபோகும். சில நேரம் பிரிண்டரின் போர்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடும்.

இதெல்லாம் நடந்தது எங்கள் சாப்பாட்டு மேசையில். சண்டையும் அதனால்தான். ஒருநாள் அண்ணன் உட்கார்ந்து எழுந்தபோது சட்டை முதுகில் நீலக் கறை. நாற்காலியில் துடைக்காமல் விட்ட மை.

"இது சாப்பாட்டு மேசையா, ஆஸ்பத்திரியா? ஒரு மனுஷன் நிம்மதியா உக்காந்து சாப்பிட முடியல!" என்று கத்தினான்.

அண்ணி தட்டு, ஊசி, பாட்டில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்ச் சமையலறையில் தொட்டி ஓரமாக வைத்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட என் வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு என் பாடு திண்டாட்டம்.

அந்த நேரத்தில்தான் ஸ்டுடியோக்காரர் வந்தார். தெருமுனையில் ஒற்றை அறையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் பெரியவர், மனைவி இல்லை. அவருடைய அகலமான பழைய பிரிண்டர் மெஷினுக்கு இப்போது ஹெட் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஹெட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அண்ணியின் கையில் கொடுத்தார்.

"பையன் கடைய மூடிட்டு அவன்கிட்டயே வந்துடச் சொல்றான்மா. இத்தனை நாளா மெஷின் ஓடுதுன்னு சாக்கு சொல்லிட்டு இருந்தேன். இது தேறலைன்னா எனக்குச் சொல்றதுக்கு வேற சாக்கு இல்ல."

"பார்க்கறேன் சார். தேறும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள் அண்ணி. யாருக்கும் அவள் அப்படித்தான் சொல்வாள். தோற்ற கேஸ்களும் அவளுக்கு நிறைய உண்டு, அதை மறைக்கவும் மாட்டாள்.

ஹெட்டைத் தட்டில் ஊறப்போட்டு, மேலே ஒரு மூடியைக் கவிழ்த்துத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, துணி காயப்போட மாடிக்குப் போனாள்.

என் அண்ணனுக்கு வாய் திறந்து மன்னிப்புக் கேட்கிற பழக்கமே கிடையாது. அதற்குப் பதிலாக ஏதாவது வேலையை இழுத்துப்போட்டுச் செய்வான். அன்று சமையலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டபோது, பரவாயில்லையே, சமாதானத்துக்கு இறங்கிவிட்டான் என்று கூடத்திலிருந்தபடியே சிரித்துக்கொண்டேன். மாடியிலிருந்து இறங்கிவந்த அண்ணியும் வாசற்படியில் நின்று அதைக் கேட்டாள். அவள் முகமும் கொஞ்சம் இளகியதைப் பார்த்தேன்.

உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னாலேயே போய் நானும் எட்டிப் பார்த்தேன்.

பாத்திரம் கவிழ்க்கும் கூடையில், கரண்டிகளுக்கு நடுவே, ஸ்டுடியோக்காரரின் ஹெட் சொட்டச் சொட்ட நின்றது. சோப்பு போட்டு, சுடுதண்ணீர் விட்டு, நாரால் தேய்த்து, பளிச்சென்று கழுவி வைத்திருந்தான்.

"அந்த மூடிக்குக் கீழ ஏதோ கறுப்பா அழுக்குப் பிடிச்சுக் கெடந்துச்சு. அதையும் சேர்த்து..." என்று பெருமையாக ஆரம்பித்தவன், எங்கள் முகங்களைப் பார்த்துப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

அண்ணி ஹெட்டை எடுத்துச் சுத்தத் தண்ணீரில் அலசினாள். செம்புப் புள்ளிகளை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒற்றினாள். மின்விசிறிக்கு நேரே ஒரு துண்டின்மேல் சாய்த்து வைத்தாள்.

அடுத்து வந்த நாட்களில் வீட்டில் யாரும் மின்விசிறியை நிறுத்தவில்லை. ஸ்டுடியோக்காரர் தினமும் போன் செய்தார். "காயணும் சார்" என்று மட்டும் அண்ணி சொன்னாள். மேலே காய்ந்துவிட்டது, உள்ளே எந்த இடுக்கில் தண்ணீர் நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கடைசியில் அண்ணன் நேராகவே அவளிடம் பேசினான். "வரும்போதே செத்துப்போய்தான் வந்துச்சுன்னு சொல்லிடேன். பாதி ஹெட்டு அப்படித்தானே வருது. யாரு கேக்கப்போறா?"

சொல்லப்போனால் எனக்கும் ஒரு கணம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மாட்டிப் பார்க்காவிட்டால் பெரியவருக்கு மெஷினாவது மிஞ்சும், அண்ணியின் பெயரும் கெடாது.

"உசுரோட இருந்தா?" என்றாள் அண்ணி. "உசுரோட இருக்கற ஒண்ணை நானே செத்துடுச்சுன்னு எப்படிங்க சொல்றது?"

அவள் ஹெட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்சம் பின்னாலேயே வந்தான், ஏதோ வேறு வேலையாகப் போகிறவன்போல.

ஸ்டுடியோவில் மெஷினின் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. பெரியவர் உள்ளே தூசியெல்லாம் துடைத்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் திரும்பி ஓடிவிடலாம்போல இருந்தது.

"சார், மாட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றாள் அண்ணி. "எங்க வீட்டுல இதுமேல குழாய்த் தண்ணி பட்டுடுச்சு. சோப்பு போட்டுக் கழுவியாச்சு. என்னால முடிஞ்ச வரைக்கும் காய வெச்சிருக்கேன். உள்ள ஈரம் இருந்தா ஹெட் மட்டும் இல்ல, உங்க மெஷினும் போயிடும். மாட்டவா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

பெரியவரின் முகம் வெளுத்தது. "கழுவினாங்களா? யாரும்மா கழுவினது?"

அண்ணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான்தான் சார். கவனமில்லாம."

வாசலில் நின்ற அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவனை அங்கேயே நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. நல்லவேளை, அதற்குள் அவனே உள்ளே வந்தான்.

"அவ இல்ல சார், நான். பாத்திரம்னு நெனச்சுக் கழுவிட்டேன். அவ மேசைலதான் வெச்சு வேலை செய்வா. நான் கத்தினதாலதான் தொட்டிப் பக்கம் கொண்டு போனா."

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாட்டும்மா" என்றார். "மாட்டலைன்னாலும் கடைய மூடத்தான் போறேன்."

அண்ணி மாட்டினாள். சுவிட்சை அவர்தான் போட்டார். மெஷின் ஒருமுறை முனகியது. உள்ளே ஏதோ இடமும் வலமுமாக ஓடியது. கருகல் வாடை வருகிறதா என்று நாலு பேரும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். எதுவும் வரவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. சோதனைத் தாள் மெல்ல வெளியே வந்தது. கறுப்புக் கோடுகள், ஒன்றுகூட விடுபடவில்லை. நீலம், முழுசாக. சிவப்பும் அப்படியே.

மஞ்சள் மட்டும் வரவில்லை. அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

"எரிஞ்சு போச்சா?" என்றார் பெரியவர்.

"தெரியல சார். அடைப்பாவும் இருக்கலாம், எரிஞ்சும் இருக்கலாம். இன்னொரு தடவை ஊற வெச்சுப் பார்க்கணும். குடுப்பீங்களா?"

கேட்கும்போதே அண்ணியின் குரல் இறங்கிவிட்டது. பெரியவர் ஹெட்டைக் கழற்றச் சொல்லி, அதைத் துணியில் சுற்றினார். அண்ணி கையை நீட்டினாள். அவர் அவளைத் தாண்டிப்போய் அண்ணனின் கையில் வைத்தார்.

"நீங்க எடுத்துட்டுப் போங்க தம்பி."

வழியெல்லாம் அண்ணன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தான். எதிரே சைக்கிள் வந்தால்கூட ஓரமாக நின்று வழிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஹெட் ஊறுகிற தட்டை அதன் நடுவில் வைத்து, நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டான். அன்று எல்லோரும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்தில் நின்றபடிதான் சாப்பிட்டோம். சமையலறைத் தொட்டியில் குவிந்த பாத்திரங்களை அவன் தொடவில்லை. அண்ணி தொடச்சொல்லவும் இல்லை.

மறுநாள் காலையில் அண்ணி ஊசியில் மருந்துத் தண்ணீரை ஏற்றி மெல்ல விட்டாள். நானும் அண்ணனும் தள்ளியே நின்றோம். ஹெட்டை எடுத்து டிஷ்யூ காகிதத்தின்மேல் வைத்தாள், அழுத்தாமல் எடுத்தாள். கறுப்பு, நீலம், சிவப்பு. அவற்றுக்குப் பக்கத்தில் முதலில் ஈரம் மட்டும்தான் தெரிந்தது. பிறகு அந்த ஈரம் ஓரத்திலிருந்து மஞ்சளாக ஊறிவந்தது. எரியவில்லை, அடைப்புதான்.

அண்ணி அழுதுவிட்டாள். அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல், சுவரோரம் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவளுக்குப் பின்னால் போட்டான். போடும் முன் அதில் மை இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.