மலையிலிருந்து விழுந்த காற்று

பிலிப்பைன்ஸின் கட்டண்டுவானஸ் தீவில் எங்கள் ஊர்க்காரர்கள் லூடிவினாவுக்கு வைத்த பெயர் 'பொய்ப் புயல்'. நகரத்து வானிலை அலுவலகத்தில் கணினியோடு மல்லுக்கட்டுகிற வேலை அவளுக்கு. அந்தக் கணினியின் பழைய புயல் கணிப்பில் எங்கள் தீவு வெறும் தட்டையாம். ஊருக்குப் பின்னால் நிற்கிற மலையே அதில் கிடையாது. அதை மேடு பள்ளத்தோடு உள்ளே ஏற்றியவள் இவள். முதல் தடவை அவள் பேச்சை நம்பிக் குன்றுமேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். ஒரு தூறல்கூட இல்லை. திரும்பி வந்தால் பன்றிகளைக் களவாணிப் பயல்கள் ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

அதனால் போன நவம்பரில் அவள் ஊருக்கே வந்து மறுபடி எச்சரித்தபோது, அவளோடு பெண்களும் பிள்ளைகளும்தான் குன்றேறினோம். ஆண்கள் சண்டைச் சேவல்களுக்குக் காவலாக வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ருஃபோவும்தான்.

காற்று வலுத்ததும் லூடிவினா தன் அண்ணன் ஹெர்மோவை அழைக்கக் கீழே இறங்கினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே, இந்தத் தடவை காத்து கடல்லேர்ந்து வராது. மலையிலேர்ந்து விழும். வீட்டையே பேத்துடும், வாண்ணே!"

ஹெர்மோ சேவலைத் தடவிக்கொண்டே சிரித்தான். "மலைதான்டி நமக்குக் காப்பு. போன தடவை பன்னி போச்சு. இப்ப இவனையும் தூக்கிக் குடுக்கணுமா?"

"ஏ பொய்ப் புயலு," என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ருஃபோ சிரித்துக்கொண்டே கத்தினார், "மழை எப்ப நிக்கும்னு உன் பொட்டியக் கேட்டுச் சொல்லு!"

நான் கெஞ்சினேன். அவர் அசையவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

லூடிவினா அண்ணன் கையிலிருந்த சேவலைப் பிடுங்கினாள். கழுத்தைத் திருகி அவன் காலடியில் எறிந்தாள். "இப்ப எதுக்குடா காவல்?"

அவன் விட்ட அறையில் அவள் உதடு கிழிந்தது. அரிவாளைத் தூக்கிக்கொண்டு அவளைத் துரத்தினான். அவள் குன்றின்மேல் ஓட, அவன் வெறிபிடித்து ஏற, நான் அலறிக்கொண்டே பின்னால் ஓடினேன். பள்ளிக்கூட வாசலில் அவள் முடியைப் பிடித்து அரிவாளை ஓங்கினான். அப்போதுதான் மலை உறுமியது.

அவள் சொன்ன பக்கமிருந்தே காற்று விழுந்தது. கூரைத் தகரங்கள் தென்னைகளை வெட்டிக்கொண்டு பறந்தன. எங்கள் தெருவே பெயர்ந்து கடலில் போய் விழுந்தது. ஹெர்மோ அரிவாளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

மறுநாள் அவன்தான் கரையில் சாய்ந்து கிடந்த மரங்களுக்கு அடியிலிருந்து ருஃபோவின் உடலைத் தோண்டி எடுத்தான். லூடிவினா வீங்கிய உதட்டோடு, எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த தடவை கணிப்பு இன்னும் சரியா வரணும்க்கா" என்றாள்.

நான் அவள் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"எங்க வீட்டுச் சேவல ஏன்டி உயிரோட விட்ட?"