அப்பாவுக்கு ஜீப்பில் கட்டில் போட்டது

யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட ஜீப் ஒன்றை வாங்கி மயிலாப்பூர் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன். அப்பா ஆறு மாதமாக அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. என் தங்கை விஷஜுரத்தில் கிடந்து பிழைத்தாள் என்று கடிதம் வந்தது. இரண்டு நாள் கழித்து அப்பா, அந்த வண்டி மணலில் போகுமா என்று கேட்டார்.

தங்கை வேறு சாதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, திருவான்மியூருக்கும் தெற்கே, ரோடே இல்லாத கடலோரக் கிராமத்தில் இருந்தாள். ஐந்து வருஷமாக வீட்டில் அவள் பேச்சே கிடையாது. அன்றே திரும்ப முடியாது, ஒரு ராத்திரி தங்கவேண்டும் என்று சொன்னேன்.

"பார்த்துட்டு வரேன். ஆனா அவாத்துல ஒரு வாய் ஜலம்கூடக் குடிக்கமாட்டேன். தலையும் சாய்க்கமாட்டேன்" என்றார்.

ஆகவே வீட்டையே ஜீப்பில் ஏற்றுவதென்று முடிவாயிற்று. ராயப்பேட்டையிலிருந்து தச்சு வேலை செய்யும் பாய் ஒருவரைக் கூட்டிவந்தேன். அப்பா தேக்குப் பலகை வேண்டும் என்றார்.

"தேக்கு இன்னாத்துக்கு சாமி? மணல்ல மாட்டிக்கினா யாரு தள்றது?" என்றார் பாய்.

பாய் டிரைவர் ஸீட்டுக்குப் பக்கத்து ஸீட்டைக் கழற்றிவிட்டு, வண்டி நீளத்துக்கும் மூங்கில் சட்டம் போட்டு நாடா பின்னினார். அடியில் தேயிலைப் பெட்டிப் பலகையில் அறைகள்: கட்டுச்சாதத்துக்கு ஒன்று, ஸ்டவ்வுக்கு ஒன்று, தண்ணீர்க் குடம் ஆடாமல் உட்கார ஒன்று. அப்பாவுக்கு மூச்சு இழுப்பு உண்டு, தலைமாடு உயர்ந்திருக்கவேண்டும். வடக்கே தலை வைக்கவும் கூடாது. வண்டி வாசலில் வடக்குப் பார்த்து நின்றதால், பின்பக்கம் தெற்கு என்று கணக்குப் பண்ணி அங்கே உயர்த்தி அடித்தோம். அப்பா கணக்கு வாத்தியாராக இருந்தவர். பாய் ஐந்து வேளையும் திசை பார்த்துத் தொழுகிறவர். நான் பி.ஏ. வண்டி திரும்பும் என்பது மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போய்ச் சேரப் பிற்பகலாயிற்று. ஜுரத்தில் தலைமுடியெல்லாம் கொட்டிப்போய்த் தங்கை வாசலில் நின்றாள். அப்பா அவளிடம் பாதை மோசம் என்றார். பிறகு ஜீப்பில் உட்கார்ந்து எங்கள் வீட்டுப் புளியோதரையைச் சாப்பிட்டார். அவள் நிலைப்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பொழுது சாய்ந்ததும் படுக்கப் போனவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மயிலாப்பூரிலிருந்து தெற்கே போன வண்டி தெற்குப் பார்த்துத்தானே நிற்கும்? தலைமாடு நேர் வடக்கு. திருப்பப் பார்த்தேன், சக்கரம் அச்சுவரை மணலில் இறங்கிற்று. அப்பா தலையைக் கால்மாட்டில் வைத்துப் படுத்துப் பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் இழுப்பு வந்துவிட்டது.

தங்கை கூப்பிடவில்லை. உள்ளே படுக்கையை விரித்து, கிழக்கே இரண்டு தலையணை அடுக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். அப்பா வெகுநேரம் யோசித்தார். பிறகு இறங்கி, யாரையும் பார்க்காமல் உள்ளே போய்ப் படுத்தார். மூச்சு நிதானப்பட்டதும், "கொஞ்சம் ஜலம் கொண்டாடீம்மா" என்றார்.

வண்டியில் குடம் தளும்பத் தண்ணீர் இருந்தது. நான் மூச்சுக் காட்டவில்லை.

அடுக்களைக்குப் போன தங்கை வரவே இல்லை. போய்ப் பார்த்தேன். தேய்த்துக் கழுவிய சொம்பை, அழுதுகொண்டே, மறுபடியும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.